ஹன்னாவின் முழங்காலைப் பார்க்கப் போன பயணம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் என் கொப்பியைத் தூக்கிப் பிடித்து, இது கோழி கிண்டினதா கையால் எழுதினதா என்று வகுப்பு முழுவதையும் கேட்டார். அடுத்த வருடம் என்னைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்திவிட்டார்கள். அதோடு அந்தக் கேள்வியும் நின்றது. இப்போது ஞாபகமும் மட்டம், ஊர்ப் பெயர்கள் மாறிப்போயிருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். நம்முடைய சங்க மலரில் வழக்கமாக டொக்டர்மாரும் பொறியியலாளர்மாரும்தான் பயணம் பற்றி எழுதுவார்கள். எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரு பாலத்தையும் ஒரு கோபுரத்தையும் பார்த்துவிட்டு வருவார்கள். இந்த முறை அவர்கள் ஒருவரும் எங்கேயும் போகவில்லைபோல, என்னிடம் கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் போனது பாலம் பார்க்க அல்ல, ஒரு முழங்காலைப் பார்க்க.

ஜேர்மனியில் நாங்கள் இருக்கிற கட்டடத்தில் எனக்கு மேல் மாடியில் உர்சுலா இருக்கிறா. பேக்கரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவ. அவவின் ஒரே மகள் ஹன்னா உதைபந்தாட்டக்காரி. எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தில் பத்தொன்பது வருடம் துப்புரவு வேலை செய்தபடியால் ஹன்னாவின் முன்னேற்றம் முழுவதையும் அடியில் இருந்து பார்த்தவள் நான். அடி என்றால் நிலம், நான் துடைத்த நிலம்.

ஆறு வயதில் பையன்களோடு விளையாடத் தொடங்கினாள். நாலு வருடம் கழித்து பையன்களின் தகப்பன்மார் முறைப்பாடு கொடுத்தார்கள். அவள் அளவுக்கு மிஞ்சி நன்றாக விளையாடுகிறாளாம், பிள்ளைகளுக்கு மனம் உடைகிறதாம். பெண்கள் அணிக்கு மாற்றினார்கள். அந்தப் பெண்கள் அணி வருடத்துக்கு வருடம் ஏறி முதற் பிரிவுக்கே போய்விட்டது. கழகத்து ஆண்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஆனால் நல்ல புல்தரை ஆண்களின் மூன்றாம் அணிக்குத்தான். வயிறு தள்ளின மனிதர்கள், ஓடுவதைவிட நின்று கதைப்பது அதிகம். அவர்கள் கதைத்து முடித்து பியர் குடிக்கப் போன பிறகு பெண்களின் முதலாம் அணி உள்ளே வரலாம். பத்திரிகையில் ஹன்னாவைத் தொழில்முறை வீராங்கனை என்று போட்டார்கள். தொழில் என்னவென்றால், காலையில் காப்புறுதிக் கந்தோரில் தபால் பிரிப்பது, பின்னேரம் உதைபந்து.

பிறகு முழங்காலுக்குள் எலும்புகளைப் பிடித்திருக்கிற நார் அறுந்தது. சத்திரசிகிச்சை செய்து தேறி வந்தாள். இரண்டு வருடத்தில் அதே காலில் அதே நார் திரும்பவும் அறுந்தது. ஆண் வீரர் ஒருவருக்கு முழங்கால் நொந்தால் தொலைக்காட்சியில் எலும்புப் படம் காட்டி விளக்குவார்கள். ஹன்னாவின் முழங்காலுக்குக் கழகத்துத் துண்டுப் பத்திரிகையில் இரண்டு வரி கிடைத்தது. கோடை விழாவில் சொசேஜ் போதாமல் போனதற்கு வருத்தம் தெரிவித்து அதற்கு மேலே ஐந்து வரி போட்டிருந்தார்கள்.

தேசிய அணிக்கும் ஒருமுறை கூப்பிட்டார்கள். முழு ஆட்டமும் மைதான ஓரத்துக் கதிரையில் இருத்தி வைத்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். சாப்பாடு நல்லது என்று சொன்னாள். பிறகு செலவு அதிகம் என்று எங்கள் கழகம் பெண்கள் அணியைக் கலைத்தது. ஹன்னா நோர்வேக்குப் போய், அங்கிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் போனாள். மெல்பேர்னில் ஒரு கழகத்தில் இரண்டு வருடம். விசா அந்தக் கழகத்தின் கையில்.

என் தங்கச்சி பவளம் சிட்னியில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போகிறேன் என்று தெரிந்ததும் உர்சுலா படியிறங்கி வந்து என் குசினிக் கதிரையில் இருந்துகொண்டு சொன்னா: “போனிலை அவள் முகத்தை மட்டும் காட்டுறாள். சிரிக்கிறாள். முழங்காலைக் காட்டச் சொன்னால் லைன் கட்டாகுது. நீ நேரிலை பார். பார்த்து எனக்கு உண்மையைச் சொல்லு.” உர்சுலா சொன்னது ஜேர்மன் மொழியில். எனக்குத் தெரிந்த ஜேர்மன் வாளியும் துடைப்பமும் சேர்ந்த ஜேர்மன். ஆகவே மற்றவர்கள் சொன்னதையெல்லாம் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

சிட்னியில் முதல் மூன்று நாள். பவளம் கிரவீனில் வீடு வாங்கியிருக்கிறாள். பெரிய வீடு. குசினியே இரண்டு. ஒன்று காட்டுவதற்கு, மற்றது பின்பக்கம் கராஜுக்குள், சமைப்பதற்கு. காட்டுகிற குசினியில் தண்ணீர் குடிக்கவும் எனக்குப் பயமாக இருந்தது. ஜேர்மனியில் ஒருவர் வீட்டுக்குப் போக மூன்று கிழமைக்கு முன் சொல்ல வேண்டும். இங்கே மூன்று நாளில் பதினொரு வீட்டுக்குப் போனோம், ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. எல்லா வீட்டிலும் ரோல்ஸ், தேத்தண்ணி, பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகள். இந்த வரிசை மாறவே மாறாது.

நார்த்மீட்டில் ஒரு வீட்டு அங்கிள், மெல்பேர்னுக்கு என்ன அலுவல் என்று என்னைக் கேட்டார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, பவளம் சொன்னாள். அங்கிள் சிரித்துவிட்டு, பொம்பிளைப் பிள்ளைகள் உதைபந்து விளையாடி முழங்காலை முறித்துக்கொள்வதில் என்ன பெருமை என்று அரை மணித்தியாலம் விளக்கினார். அந்த நேரம் அவருடைய மகள் நடன வகுப்பால் வந்தாள். அடுத்த மாதம் அரங்கேற்றமாம். இரண்டு முழங்காலிலும் இறுக்கிக் கட்டிய பட்டியோடு நொண்டி நொண்டி எங்களைத் தாண்டிப் போனாள். அது கலாசாரம் என்றபடியால் அங்கிள் பேச்சை நிறுத்தவில்லை.

திரும்பும்போது பவளம் காரில் கேட்டாள், “அக்கா, அந்த வெள்ளைக்காரப் பெட்டை உனக்கு என்ன முறை?” நான் யோசித்துப் பார்த்தேன். முறை ஒன்றும் அகப்படவில்லை. அவளுடைய சப்பாத்துச் சேற்றை நான் கழுவியிருக்கிறேன், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மெல்பேர்ன். விமான நிலையத்துக்குப் பவளத்தின் மகன் சுதன் வந்தான். ஸ்பிரிங்வேலில் இருக்கிறான், கம்பியூட்டர் வேலை. வெளியே வரும்போது வெயில், கார் நிற்கிற இடத்துக்குப் போவதற்குள் மழை, காரில் ஏறியதும் கல்மழை, வீட்டில் இறங்க மறுபடி வெயில். கொண்டுபோன நாலு சுவெற்றரையும் ஒரே நாளில் போட்டுக் கழற்றினேன்.

ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் எனக்கு நல்ல சந்தோஷம். மீன் நாற்றம், கொத்தமல்லி, நெருக்கம், ஒருவரையொருவர் இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்காத சனம். வியட்நாம்காரர் கடையில் பாணை நீளமாக வெட்டி, இறைச்சியும் ஊறுகாய்க் கரட்டும் பச்சை மிளகாயும் வைத்துக் கொடுத்தார்கள். ஜேர்மன்காரர் உலகத்திலேயே தங்களுக்கு மட்டும்தான் பாண் தெரியும் என்று நினைக்கிறவர்கள். உர்சுலாவுக்கு இந்தப் பாணைப் பற்றி இன்றுவரை நான் சொல்லவில்லை. அவ தாங்கமாட்டா.

பின்னேரம் ஹன்னா வந்தாள். முப்பத்திநாலு வயது. கண்ணைச் சுற்றிச் சுருக்கம் விழுந்திருந்தது. “அன்ரி” என்று கட்டிப்பிடித்தாள். சின்ன வயதில் என் மகள் சொல்லிக் கொடுத்த சொல். எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். நான் வாய் திறக்க முன்பே சுதனின் வரவேற்பறையில் இரண்டு தரம் குதித்துக் காட்டினாள். விற்கிற மாட்டைச் சந்தையில் நடத்திக் காட்டுவதுபோல இருந்தது. முழங்கால் முழுதும் சுகமாம். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். அடுத்த வருடத்து ஒப்பந்தம் பற்றிக் கதைக்கத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம், கையெழுத்துத்தான் மிச்சமாம்.

ஒப்பந்தம், கையெழுத்து என்று கேட்டதும் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் அர்ச்சனை செய்விக்கலாம் என்றேன். வீடு வாங்க, விசா கிடைக்க, கார் ஓட்டப் பழக, எதற்கும் நாங்கள் அதைத்தானே செய்கிறோம். ஹன்னாவும் சம்மதித்தாள். ஜேர்மனியில் எங்கள் கோயில் தேர்த் திருவிழாவுக்குச் சின்ன வயதில் என்னோடு வந்து, மோதகம் தின்றவள்.

ஐயர் நட்சத்திரம் கேட்டார். ஹன்னா பிறந்த நேரம் உர்சுலாவுக்கே நினைவில்லை. ஐயர் பெருமூச்சு விட்டு, சுவாமி பேருக்கே செய்துவிடுகிறேன் என்றார். பிறகு பூசைக்காக எல்லாரும் நிலத்தில் சம்மணம் கட்டி இருந்தோம். ஹன்னாவும் சுவரைப் பிடித்து மெல்ல இறங்கி, ஒரு காலை மடக்கி, மற்றக் காலை நேரே நீட்டிக்கொண்டு இருந்தாள். அந்தக் கால் நேரே சந்நிதியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்த பச்சைச் சேலைக்காரி என் தோளைத் தட்டினாள். “அன்ரி, அவவைக் காலை மடக்கச் சொல்லுங்கோ. சாமிக்கு நேரை நீட்டிக்கொண்டெல்லோ இருக்கிறா.”

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஹன்னாவுக்கு விளங்கிவிட்டது. இரண்டு கையாலும் காலைப் பிடித்து மடக்கினாள். பாதியில் நின்றது. பாதி திறந்து இறுகிப்போன கதவுபோல அதற்கு மேல் அசையவில்லை. உதடு வெளிறி, நெற்றியில் வியர்வை முத்து முத்தாக வந்தது. பிறகு கையூன்றி எழும்பித் தூணைப் பிடித்துக்கொண்டு, பாரம் எல்லாம் ஒரு காலில் வைத்து, பூசை முடியும்வரை ஒரு மணித்தியாலம் நின்றாள்.

பச்சைச் சேலைக்காரி உருகிப்போனாள். பார் இந்த வெள்ளைக்காரியின் பக்தியை, எங்கள் பிள்ளைகள் பத்து நிமிடம் நிற்கமாட்டார்கள் என்று பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னாள். ஐயர் ஹன்னாவைத் தனியாகக் கூப்பிட்டு மாலை கொடுத்தார். கழகத்து வைத்தியர் சரி என்று எழுதிக் கொடுத்த முழங்காலை எங்கள் கோயில் நிலம் ஒரு நிமிடத்தில் பிழை என்று சொல்லிவிட்டது. அதற்குப் பரிசாக மாலையும் கொடுத்தது.

காரில் அவள் ஒளிக்கவில்லை. வைத்தியர் கட்டிலில் படுக்கவைத்துத்தான் காலை மடக்கிப் பார்ப்பாராம். அதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் நோ தெரியாமலிருக்க இரண்டு குளிசை போட்டுக்கொள்வாளாம். ஓடலாம், பந்து அடிக்கலாம், இருந்து எழும்புவதுதான் கடினம். “அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ, அன்ரி. திங்கட்கிழமை கையெழுத்து வைக்குமட்டும்.” நான் யன்னலால் வெளியே பார்த்தேன். எனக்கு வாய் இல்லாததை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் சுதன் வீட்டில் சாப்பாடு. வெள்ளிக்கிழமை என்பதால் மரக்கறி. புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, சொதி. சுதன் ஒரு அறையை நிமலனுக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறான். நிமலனுக்கு நாற்பது வயது இருக்கும். அகதியாகப் படகில் வந்தவன். பத்து வருடத்துக்கு மேலாகிறது, இன்னும் தற்காலிக விசா. கோழி வெட்டிப் பொதி செய்கிற தொழிற்சாலையில் விடியப்புறம் வேலை, மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவான். சாப்பிடும்போது இடது கையைத்தான் நீட்டிப் பாத்திரம் எடுத்தான். வலது தோள் தூக்க முடியாது என்பதை நான் கண்டேன், கேட்கவில்லை. ஹன்னாவும் கண்டாள். அவள் கேட்டாள்.

கோயில் கதையைச் சுதன் மூலம் அறிந்திருந்த நிமலன், புட்டைக் குழைத்துக்கொண்டே அவனிடம் தமிழில் சொன்னான்: “தோள் நோகுதெண்டு சூப்பர்வைசருக்குச் சொன்னால் அண்டையோடை வேலை சரி. அதாலை ஒளிக்கிறன். எனக்குத் திரும்பிப் போக ஒரு இடமில்லை. இவ ஏன் ஒளிக்கிறா? தாய் இருக்கிறா. பாஸ்போட் இருக்கு. பிளேனிலை சீற் போட்டுப் போகலாம். இவவின்ரை நாட்டிலை இவவை ஒருத்தரும் பிடிச்சு விசாரிக்கமாட்டினம்.”

சுதன் அதை மொழிபெயர்க்காமல் சொதியை நீட்டினான். ஹன்னா சொதியை வாங்கி வைத்துவிட்டு, அவர் என்ன சொன்னார், முழுவதும் சொல்லு என்றாள். சுதன் கீழே பார்த்தபடி ஆங்கிலத்தில் சொன்னான். நான் நினைத்தேன், அவள் கோபிப்பாள் என்று. கோபிக்கவில்லை. கத்தரிக்காயைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். பிறகு ஜேர்மனில் என்னிடம் மட்டும் கேட்டாள்:

“வீட்டை போய் நான் என்ன செய்யிறது, அன்ரி? எனக்குத் திரும்பவும் தபால் பிரிக்கத்தான் தெரியும். இஞ்சை நான் ஓடினால் நாலு சனமாவது பேரைச் சொல்லிக் கத்துதுகள்.”

எனக்கும் துடைப்பதைத் தவிர ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. என் பெயரைச் சொல்லி எவரும் கத்தியதுமில்லை. ஆனால் அவள் போக எழும்பி, கதிரைக் கையைப் பிடித்துத் தன்னை உயர்த்தும்போது வாசல்வரை பின்னால் போனேன். கார்க் கண்ணாடியை இறக்கினாள். அப்போது சொன்னேன். இவ்வளவு பெரிய வசனத்தை நான் ஒருவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன்.

“உர்சுலாவுக்கு நான் பொய் சொல்லமாட்டன். நான் சொல்ல முந்தி நீ சொல்லு.”

அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காரை எடுத்தாள். இரவு எனக்கு நித்திரை வரவில்லை. தேவையில்லாத கிழவி என்று என்னையே பேசிக்கொண்டு கிடந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஹன்னாவிடமிருந்து போன் வந்தது. பயிற்சி முடிந்த கையோடு பயிற்சியாளரிடம் முழங்காலைப் பற்றிச் சொல்லிவிட்டாளாம். அடுத்த வருடம் விளையாட முடியாது, நாளைய ஆட்டம்தான் கடைசி. தாயிடமும் சொல்லிவிட்டாளாம். பத்து நிமிடத்தில் உர்சுலா எடுத்தா, அங்கே இன்னும் விடியவில்லை. அழுதா. மகளை ஒரு வருடமாக வா வா என்று கூப்பிட்டவ, அழுது முடித்ததும் கேட்ட முதல் கேள்வி, மகளின் அறையில் தான் வைத்திருக்கிற இஸ்திரி மேசையை இனி எங்கே வைப்பது என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சுதனுக்கு அவசர வேலை. நிமலன் என்னை ரெயினில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனான். ரெயின் பாதி வழியில் நின்றுவிட்டது. தண்டவாள வேலையாம், மிச்சத் தூரத்துக்குப் பஸ்ஸாம். ஜேர்மனியிலும் ரெயின் நிற்கும். ஆனால் அங்கே சனம் மணிக்கூட்டைப் பார்த்துப் பல்லைக் கடிக்கும். இங்கே ஒருவரும் கவலைப்படவில்லை. பஸ் சாரதி எல்லாரையும் நண்பரே, நண்பரே என்று ஏற்றி, வழி தவறி, மன்னிக்க வேண்டும் நண்பரே என்று திருப்பி, ஒரு கார்ச் சந்தையை எங்களுக்குச் சுற்றிக் காட்டினார். மைதானத்துக்குள் போகும்போது முதல் பாதி முடிந்திருந்தது.

சின்ன மைதானம். தலையில் நிறம் பூசிய சின்னப் பெண்பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். ‘பை’ என்று சொல்கிற சுடச்சுட இறைச்சிப் பணியாரம் ஒன்றை நிமலன் வாங்கித் தந்தான். கடித்தேன், நாக்கு வெந்தது. ஹன்னா ஓரத்துக் கதிரையில் இருந்தாள். இவ்வளவு வருடம் அவளுடைய ஆட்டம் ஒன்றையும் நான் முழுதாகப் பார்த்ததில்லை. அவர்கள் விளையாடுகிற நேரம்தான் உடைமாற்றும் அறை காலியாக இருக்கும், நான் உள்ளே நின்று துடைப்பேன். வெளியே சனம் கத்துவதைக் கேட்டு என்ன நடந்திருக்கும் என்று யோசிப்பேன்.

கடைசி இருபது நிமிடத்துக்கு இறக்கினார்கள். முதல் பந்தைத் தவறவிட்டாள். இரண்டாவதை நிறுத்தி, தலையைத் தூக்காமலே, நாற்பது மீற்றருக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்த பிள்ளையின் காலடியில் கொண்டுபோய் வைத்தாள். நிமலன் எழும்பி வலது கையைத் தூக்கினான், பிறகு தோளைப் பிடித்துக்கொண்டு இருந்தான். கோல் விழவில்லை. ஆட்டம் தோல்வி. அந்தச் சின்னப் பிள்ளைகள் ஹன்னா, ஹன்னா என்று கத்தினார்கள். உள்ளே நின்று கேட்டதைவிட வெளியே நின்று கேட்க வேறுமாதிரி இருந்தது.

முடிந்ததும் ஒலிபெருக்கியில் அவளைக் கூப்பிட்டார்கள். கழகத்து முகாமையாளர் வந்து பெரிய பூங்கொத்தும் ஒரு சட்டமும் கொடுத்தார். கறுத்த மரச் சட்டம், முன்னால் கண்ணாடி, உள்ளே அவளுடைய இலக்கம் போட்ட மேற்சட்டை நூலால் இழுத்துத் தைத்து விரித்திருந்தது. கீழே பித்தளைத் தகடு. அவளுடைய பெயரும் அவள் விளையாடிய வருடங்களும் நன்றி என்றும் வெட்டியிருந்தது. முகாமையாளர் மணித்தியாலக் கணக்காகப் பேசுவார் என்று பயந்தேன். நம்மவர் இல்லையே, ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார்.

ஹன்னா அதைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு வந்தாள். முகம் முழுதும் கண்ணீர். எனக்கு ஜேர்மனிலும் நிமலனுக்கு ஆங்கிலத்திலும் சொன்னாள்: “பாருங்கோ அன்ரி. நேற்று மத்தியானந்தான் சொன்னனான். ஒரு நாளுக்குள்ளை இவ்வளவும் செய்திருக்கினம். நான் பயந்தது வீண்.”

எங்கள் கழகத்துச் சுவரில் இப்படிப் பதினாலு சட்டங்கள் இருந்தன. கிழமைக்கு ஒருமுறை கண்ணாடி துடைத்தவள் நான். ஒன்று செய்விக்கக் கொடுத்தால் மூன்று கிழமை என்பார்கள், பித்தளை வெட்டுகிறவர் லீவில் நின்றால் ஐந்து. திங்கட்கிழமை எதற்குக் கூப்பிட்டிருந்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நிமலன் சட்டத்தைக் குனிந்து பார்த்து, “ஒரு நாளிலை எப்பிடி” என்று ஆங்கிலத்தில் தொடங்கினான். நான் அவனுடைய காலை மிதித்தேன். நல்லாக மிதித்தேன். அவனும் விளங்கிக்கொண்டு, வடிவான சட்டம் என்று முடித்தான்.

நான் ஜேர்மனிக்குத் திரும்பி மூன்று கிழமையில் ஹன்னாவும் வந்தாள். இப்போது காலுக்கு உடற்பயிற்சி கொடுக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்க ஒரு கழகம் கேட்டிருக்கிறது, போகலாமா என்று யோசிக்கிறாள். சட்டத்தை உர்சுலா வீட்டு வாசலுக்கு வெளியே படிக்கட்டுச் சுவரில் கொளுவியிருக்கிறா. தபால்காரனைக்கூட நிறுத்திக் காட்டுகிறா. மகள் விளையாட முடியாது என்று சொன்ன அடுத்த நாளே அந்தக் கழகம் இதைச் செய்து கையில் கொடுத்தது, இங்கே எவன் செய்வான் என்று கேட்கிறா. சாட்சிக்கு என்னைக் கூப்பிடுவா. நான் ஓம் என்பேன். பொய் சொல்லமாட்டேன் என்று பெரிதாகச் சொன்னவள் நான்தான்.

அவர்கள் இரண்டு பேருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் துணிவில்தான் இவ்வளவும் எழுதினேன். அச்சுக்குக் கொடுக்க முன், மெல்பேர்னில் சொந்தக்காரர் உள்ள யாராவது விபரங்களைச் சரிபார்த்தால் நல்லது. ரெயின் நின்ற இடத்தின் பெயர் எனக்கு நினைவில்லை. ஹன்னா கடைசி இருபது நிமிடம் விளையாடினாளா பதினைந்தா என்பதும் நிச்சயமில்லை. அவை பிழைத்தாலும் பரவாயில்லை. ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள். சனிக்கிழமை பின்னேரம் கொடுத்தால், மேற்சட்டையைத் தைத்துக் கண்ணாடி போட்டு, பித்தளையில் பெயரும் வெட்டி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிவதற்குள் தருகிற கடை அங்கே இருக்கிறதா? இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். இல்லையென்றால் எழுத வேண்டாம்.